ஃபேனை நிறுத்தச் சொன்ன பெண்: உலர்கண்ணுக்குப் பின்னால் இருந்த தைராய்டு

சேலத்தில் ஒரு சிறிய கண் மருத்துவமனையில் கண் பரிசோதகராக வேலை பார்க்கிறேன். கண் மருத்துவர் ஒருவர், செவிலியர் ஒருவர், நான் என்று மூன்று பேர்தான். இங்கே எழுதுவது ஏற்காட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணின் கதை. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை விட்டுவிட்டேன். அளவுகளும் மாதங்களும் கோப்பில் உள்ளபடியே இருக்கின்றன. நாங்கள் தாமதித்த இடங்களையும் மறைக்கவில்லை.

பின்னணி

வயது 46. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கொட்டை பொறுக்கும் வேலை. காயவைத்து, தொலி நீக்கி வரும் கொட்டையைத் தட்டில் பரப்பி, கறுத்தது, உடைந்தது, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் விரலால் தள்ளி ஒதுக்க வேண்டும். நாள் முழுக்கக் குனிந்த தலை, அசையாத பார்வை. தொலித்தூசு வேறு பறக்கும். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து, இருபது முறை இமைக்கும் நாம், இப்படி உற்றுப் பார்க்கும் வேலையில் அதில் பாதிகூட இமைப்பதில்லை. கணினி முன்னால் உட்காருபவர்களைப் பற்றி மட்டும் இதைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. கொட்டை பொறுக்குபவர், கொலுசுக்குப் பற்றவைப்பவர், தறியில் இழை சேர்ப்பவர் எல்லோருக்கும் இது பொருந்தும். சேலத்தில் எங்களிடம் வரும் கூட்டத்தில் பாதி இவர்கள்தான்.

வீட்டில் கணவர், கல்லூரியில் படிக்கும் மகள். சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லை என்றார். 'இல்லை' என்பதற்கு 'பார்த்ததில்லை' என்றும் அர்த்தம் உண்டு. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஜனவரி: முதல் வருகை

வந்ததும் அவர் சொன்னது: "தம்பி, கண்ணுல மண்ணு விழுந்த மாதிரியே இருக்குதுங்க. பஸ்ஸுல வந்தா தண்ணியாக் கொட்டுது. இருவது கொண்டை ஊசியும் இறங்கறதுக்குள்ள முந்தானையே நனைஞ்சு போச்சு."

எத்தனை நாளாக என்று கேட்டேன். ஆடி மாதத்திலிருந்து என்றார். அதாவது ஆறு மாதம். தூசுதான் காரணம் என்று அவரே முடிவு செய்து, மருந்துக்கடையில் சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டிருந்தார். அது ரத்தக்குழாய்களைச் சுருக்கிக் கண்ணை வெள்ளையாகக் காட்டும். வீரியம் தீர்ந்ததும் சிவப்பு முன்னைவிட அதிகமாகத் திரும்பும், மறுபடி விடத் தோன்றும். ஒவ்வாமை என்று வேறொருவர் சொன்னதைக் கேட்டு, தினமும் இரவில் ஒரு செட்ரிசின் மாத்திரையும் போட்டு வந்தார். இந்த வகை மாத்திரைகள் மூக்கொழுகலை மட்டும் உலர்த்துவதில்லை, கண்ணீரையும் குறைக்கும்.

பரிசோதனையில் கண்டவை: கண்ணாடியோடு பார்வை இரண்டு கண்ணிலும் 6/6, அதாவது குறையில்லை. கண் அழுத்தம் 14, 15, அதுவும் சரி. ஃப்ளூரசின் சாயம் விட்டு நீல ஒளியில் பார்த்தபோது, வலது கண்ணில் 4 வினாடியிலும் இடது கண்ணில் 3 வினாடியிலும் கண்ணீர்ப் படலம் உடைந்தது. பத்து வினாடிக்குக் கீழே போனாலே யோசிக்க வேண்டும். கருவிழியின் அடிப்பகுதியில் பொட்டுப் பொட்டாகச் சாயம் பிடித்திருந்தது. கீழிமை ஓரத்தில் மடித்துவைத்த தாளில் 5 நிமிடத்தில் ஏறிய ஈரம் வலதில் 7 மில்லிமீட்டர், இடதில் 6. பத்துக்கு மேல் இருந்தால் நிம்மதி. இமை விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் தெளிந்த எண்ணெய் வர வேண்டும். இவருக்குப் பற்பசை பிதுங்குவதுபோல் கெட்டியாக வந்தது.

உலர்கண் என்று சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏனுங்க தம்பி, தண்ணி ஊத்துதுன்னு வந்தா காஞ்சு போச்சுங்கறீங்களே!"

இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒரு தடவையாவது வரும். கண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை. கருவிழிமேல் ஒட்டியிருக்கும் வழவழப்பான கோழைப்பொருள், நடுவே கண்ணீர்ச் சுரப்பியிலிருந்து வரும் நீர், மேலே இமைச் சுரப்பிகள் தரும் மெல்லிய எண்ணெய் எல்லாம் சேர்ந்ததுதான் படலம். அந்த எண்ணெய் சரியாக இல்லாவிட்டால் நீர் சட்டென்று ஆவியாகிவிடும். காய்ந்த கருவிழி நரம்பு வழியாகச் சேதி அனுப்பும், சுரப்பி பதறிப்போய் ஒரேயடியாக நீரைக் கொட்டும். எண்ணெய் இல்லாத அந்த நீர் கண்ணில் தங்காது, கன்னத்தில்தான் வழியும். எண்ணெய் ஊற்றாத தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த கதைதான் என்றேன். சிரித்தார்.

உலர்கண் உள்ளவர்களுக்கென்று 12 கேள்விகள் கொண்ட ஒரு வினாப்பட்டியல் இருக்கிறது. நூற்றுக்கு எத்தனை என்று மதிப்பெண் வரும், 33 தாண்டினால் கடுமை. இரவில் வண்டி ஓட்டும்போது எப்படி, கணினி பார்க்கும்போது எப்படி என்றெல்லாம் அதில் கேட்பார்கள். கொட்டை பொறுக்கும் பெண்ணிடம் அதை அப்படியே கேட்க முடியாது. பொருந்தாத கேள்விகளை விட்டுவிட்டுக் கணக்குப் போட விதி உண்டு. அப்படிப் போட்டதில் 48 வந்தது.

அன்றைய முடிவுகளும் காரணமும்

மருத்துவரும் நானும் பேசி முடிவு செய்தவை: சிவப்பைப் போக்கும் சொட்டை உடனே நிறுத்துவது. உண்மையான ஒவ்வாமைக்கான அறிகுறி எதுவும் இமையின் உட்புறத்தில் இல்லாததால் செட்ரிசினையும் நிறுத்துவது. செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு நாளுக்கு நான்கு முறை. நான்குக்கு மேல் தேவைப்பட்டால், கெடாமலிருக்க வேதிப்பொருள் சேர்க்காத, ஒரு தடவை உடைத்துப் பயன்படுத்தும் சிறு குப்பிகளுக்கு மாறுவது. தினமும் இருவேளை 10 நிமிடம் மூடிய இமைமேல் வெந்நீர் ஒத்தடம், பிறகு இமையை மெல்ல நீவிவிடுவது. வேலையில் அரை மணிக்கு ஒரு தடவை தலையை நிமிர்த்தி நன்றாக இமைப்பது.

காரணம் என்ற இடத்தில் நான் எழுதியது இரண்டே சொல்: "தூசு, வேலை." அதே பக்கத்தில், நாலு வரி மேலே, என் கையெழுத்திலேயே "ஆடி முதல்" என்றும் இருந்தது. ஆடியில் மலையில் மழை. காப்பி அறுவடை கார்த்திகை வாக்கில்தான் தொடங்கும். கொட்டையும் இல்லை, தூசும் இல்லை. இரண்டையும் நானே எழுதிவிட்டு, ஒன்றோடு ஒன்றைப் பொருத்திப் பார்க்கவில்லை.

பிப்ரவரி: பாதியில் நின்ற முன்னேற்றம்

ஆறு வாரம் கழித்து வந்தார். சிவப்பு போயிருந்தது. உறுத்தல் கொஞ்சம் குறைந்திருந்தது, அவ்வளவுதான். படலம் உடையும் நேரம் 5, 4. தாளில் ஈரம் 8, 6.

ஒத்தடம் ஒழுங்காகக் கொடுக்கிறாரா என்று துருவினேன். கொடுக்கிறார். ஆனால் ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். ஜனவரி விடியலில் வெந்நீரில் பிழிந்த துணி ஒரு நிமிடத்தில் ஆறிவிடுகிறது. இமைச் சுரப்பியின் கெட்டி எண்ணெய் இளக 40 டிகிரி சூடாவது சில நிமிடம் நிற்க வேண்டும். அவர் இட்லிப் பானை ஆவியில் துணியை வைத்துப் பார்த்திருக்கிறார். அது சூடு அதிகமாகி இமை சிவந்துவிட்டது. இட்லிப் பானை வேண்டாம் என்று சொல்லி, சிறு துணிப்பையில் அரிசியை நிரப்பித் தைத்து, தோசைக்கல்லில் சூடாக்கி, மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டு இமையில் வைக்கச் சொன்னோம். கல்லுப்புப் பொட்டலம் வைக்கும் பழக்கம் ஊரில் உண்டு. கண்ணருகே அது கூடாது.

அன்று நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் கருவி முன்னால் உட்கார்ந்ததும், "அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்க தம்பி" என்றார். நிறுத்தினேன். கோப்பில் எழுதினேன்: "காற்றுப் பட்டால் எரிச்சல்." உலர்கண் உள்ள எல்லோரும் சொல்வதுதான். அதனால் மறு கேள்வி கேட்கவில்லை. உடம்பு அசதியாக இருக்கிறது, வேலை ஓடவில்லை என்றும் சொன்னார். அதை எழுதக்கூட இல்லை. காலையில் இமை வீங்கியிருக்கிறது என்றார். "கசக்குவதால்" என்று எழுதிவைத்தேன்.

இமைச் சுரப்பி அடைப்புக்கு இரவில் தடவும் களிம்பு ஒன்றை மருத்துவர் ஒரு மாதத்துக்குச் சேர்த்தார்.

ஏப்ரல்: ஸ்வெட்டர்

ஏப்ரல் கடைசியில் மூன்றாம் வருகை. சேலத்தில் அந்த மாதம் எப்படியிருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காத்திருக்கும் இடத்தில் எல்லோரும் கையில் கிடைத்த சீட்டால் விசிறிக்கொண்டிருக்க, இவர் மட்டும் சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தார். மகளும் வந்திருந்தார்.

அன்றும் ஃபேனை நிறுத்தச் சொன்னார். இந்த முறை கேட்டேன்: "கண்ணு எரியுதாக்கா?"

"கண்ணு எரியறது ஒருபக்கம் இருக்கட்டும். குளிருதுங்க."

மகள் சொன்னார்: "மேல இருக்கறப்ப ஊரே குளிருதுன்னுதான் சொல்லும். நாங்களும் அப்படித்தான்னு விட்டுட்டோம். இறங்கி வந்தும் கழட்ட மாட்டேங்கறாங்க."

மலையின் குளிர் ஒரு அறிகுறியை மறைத்துவிட்டது. உலர்கண் இன்னொரு பக்கம் மறைத்துவிட்டது. ஃபேனை நிறுத்தச் சொன்ன ஒரே வாக்கியத்துக்கு இரண்டு காரணம் இருந்திருக்கிறது, எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் முகத்தையே முகமாகப் பார்த்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து இரண்டு முறை இமை விளிம்பையும் கருவிழியையும் பதினாறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தவன், புருவத்தின் வெளிக்கோடி முடி கொட்டிப் போயிருந்ததைப் பார்க்கவில்லை. முகம் லேசாக உப்பியிருந்தது. குரலில் ஒரு கரகரப்பு. நாடித்துடிப்பு 58.

மாதவிடாய் பற்றிக் கேட்க வேண்டியிருந்தது. ஒரு ஆண் கண்ணைப் பார்க்கும் இடத்தில் அதைக் கேட்டால், என்ன சம்பந்தம் என்று தோன்றும். பதிலும் சுருக்கமாகத்தான் வரும். செவிலியர் அவரைத் தனியே உட்கார வைத்துப் பேசினார். பத்து நிமிடத்தில் நான் மூன்று மாதத்தில் சேர்த்ததைவிட அதிகத் தகவலோடு வந்தார். ஒரு வருடமாகத் தூரம் முறையாக வருவதில்லை. வந்தால் எட்டுப் பத்து நாள், அதிகமாகவே போகிறது. எடை 6 கிலோ கூடியிருக்கிறது, சாப்பாடு கூடவில்லை. மலச்சிக்கல். முடி கொட்டுகிறது. வாய் உலர்வதில்லை. மூட்டு வலி அவ்வளவாக இல்லை.

பரிசோதனைகளும் ஏன் அவை என்பதும்

மருத்துவர் எழுதிக் கொடுத்தவை: தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச், தைராய்டு ஹார்மோனான டி4, தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருள், ஹீமோகுளோபின், சர்க்கரை. கூடவே ஷோகிரன் நோய்க்கான எதிர்ப்பொருள். உடலின் தற்காப்பு அமைப்பு கண்ணீர், எச்சில் சுரப்பிகளையே தாக்கும் நோய் அது. 1933இல் சுவீடனின் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் விரிவாக விவரித்ததால் அந்தப் பெயர். தற்காப்பு அமைப்பு தைராய்டைத் தாக்கும் நோய் உள்ளவர்களுக்கு ஷோகிரனும் சேர்ந்து வரக்கூடும் என்பதால், வாய் உலரவில்லை என்றாலும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார்.

முடிவுகள்: டி.எஸ்.எச் 41.6. பொதுவாக 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டியது. தைராய்டு மந்தமானால் அதைத் தூண்ட இது ஏறும். டி4 குறைவு. தைராய்டு எதிர்ப்பொருள் மிக அதிகம். ஹீமோகுளோபின் 9.8. சர்க்கரை சரி. ஷோகிரன் எதிர்ப்பொருள் இல்லை.

தைராய்டு சுரப்பு குறைந்துபோன நிலை, கூடவே மாதவிடாய் நிற்கப்போகும் காலத்தின் தொடக்கம், அதிக உதிரப்போக்கால் ரத்தசோகை. எங்கள் பொதுமருத்துவ நண்பர் ஒருவரிடம் அனுப்பினோம்.

ஹார்மோனுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்

மகள் கேட்ட கேள்வி இது. கழுத்தில் இருக்கும் சுரப்பி கெட்டால் கண் ஏன் காய வேண்டும்?

கண்ணீர்ச் சுரப்பியின் செல்களில் தைராய்டு ஹார்மோன் வந்து இணையும் இடங்கள் இருக்கின்றன. ஹார்மோன் குறைந்தால் அந்தச் சுரப்பியும் மந்தமாகிறது. உடம்பின் மற்ற வேலைகள் போலவே இமைப்பதும் குறையலாம். தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயில் வழி வேறு: கண் பிதுங்கி, மேலிமை பின்வாங்கி, தூங்கும்போதும் முழுதாக மூடாமல் கருவிழி காற்றில் காயும். கூடினாலும் குறைந்தாலும் உலர்கண்தான், ஆனால் காட்சி முற்றிலும் வேறு.

இமை எண்ணெய்ச் சுரப்பிகளின் கதை இன்னும் சுவையானது. அவற்றை நடத்துவது ஆண்ட்ரோஜன். ஆண் ஹார்மோன் என்று சொல்கிறோமே, அதேதான். பெண்களின் சினைப்பையிலும், சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியிலும் அது சுரக்கிறது. வயதாக ஆக, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. குறையும்போது இமை எண்ணெய் கெட்டியாகிறது, அளவும் குறைகிறது. புராஸ்டேட் புற்றுநோய்க்காக ஆண்ட்ரோஜனைத் தடுக்கும் மருந்து எடுக்கும் ஆண்களுக்கும் இதே இமைக் கோளாறு வருவதிலிருந்து இதைப் புரிந்துகொள்ளலாம். நாற்பத்தைந்து தாண்டிய பெண்களுக்கு உலர்கண் அதிகம் என்பதில் இதற்கு ஒரு பங்கு உண்டு.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் "தூரம் நிக்கிற வயசுல ஹார்மோன் மாத்திரை போட்டா எல்லாம் சரியாயிடும், கண்ணும்" என்று சொல்லியிருக்கிறார். இது தப்பு. 2001இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு, மாதவிடாய் நின்ற 25,000க்கும் அதிகமான பெண்களைப் பார்த்தது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மாத்திரை மட்டும் எடுத்தவர்களிடம் உலர்கண் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. இன்னொரு பெண் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனோடு சேர்த்து எடுத்தவர்களிடமும் கூடுதல்தான், ஆனால் அவ்வளவு இல்லை. வேறு தேவைக்காக மகப்பேறு மருத்துவர் அந்த மாத்திரையைத் தரலாம், அது அவர் கணக்கு. கண்ணுக்காகக் கேட்டு வாங்க வேண்டாம் என்று மட்டும் சொன்னோம்.

மே, ஜூன்: மாத்திரையும் காப்பியும்

பொதுமருத்துவர் ஈ.சி.ஜி. பார்த்துவிட்டு, குறைந்துபோன தைராய்டு ஹார்மோனை ஈடுசெய்யும் தைராக்சின் மாத்திரையை 50 மைக்ரோகிராமில் தொடங்கினார். இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார். ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச் பார்க்க வேண்டும், அதற்கு முன் பார்த்துப் பயனில்லை.

ஜூன் நடுவில் பார்த்தால் 33. இறங்கியிருக்கிறது, ஆனால் எதிர்பார்த்த அளவு இல்லை. கண்ணிலும் சொல்லும்படி மாற்றமில்லை: 5, 5. அளவைக் கூட்டலாமா என்று பேச்சு வந்தபோது, மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறார் என்று செவிலியர் கேட்டார்.

"எந்திரிச்சதும் வெறும் வயித்துல, டாக்டரய்யா சொன்ன மாதிரியேதான். அஞ்சு மணிக்குக் காப்பியோட."

மலைக்காரர்களுக்குக் காப்பி என்பது சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது. வெறும் வயிறு என்றால் இட்லி, சோறு இல்லை என்றுதான் அர்த்தம். இன்னும் கேட்டதில், இரும்புச்சத்து மாத்திரையையும் "மறந்துபோயிடும்னு" அதே வாயில் போட்டுக்கொண்டிருந்தார். காப்பி தைராக்சின் குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். இரும்பு அதனோடு ஒட்டிக்கொண்டு, உடம்பில் சேரவிடாமலே வெளியே அனுப்பிவிடும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். சீட்டில் எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தது. 'வெறும் வயிற்றில்' என்ற சொல்லுக்கு எழுதியவருக்கு ஒரு பொருள், படித்தவருக்கு வேறு பொருள்.

புதிய ஏற்பாடு: விழித்ததும் நாலரை மணிக்குத் தண்ணீரோடு தைராக்சின். அடுப்பு பற்றவைத்து வாசல் தெளித்து முடித்து, ஐந்தரைக்குப் பிறகு காப்பி. இரும்பு மாத்திரை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின். அளவைக் கூட்டவில்லை. ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும் என்பது பொதுமருத்துவரின் வாதம். எனக்கு அது பிடித்திருந்தது.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை

ஆகஸ்டில் டி.எஸ்.எச் 9.4. அளவு 75 ஆனது. அக்டோபரில் 3.1.

ஸ்வெட்டர் மலையிலேயே நின்றுவிட்டது. குரல் தெளிந்திருந்தது. உதிரப்போக்கு அடங்கியிருந்தது, ஹீமோகுளோபின் 11.6. கண்ணில் படலம் உடையும் நேரம் ஆகஸ்டில் 7, 6. அக்டோபரில் 9, 8. தாளில் ஈரம் 12, 11. கருவிழியில் சாயம் பிடிக்கவில்லை. காலை இமை வீக்கம் இல்லை. கசக்குவதால் வந்த வீக்கம் இல்லை அது என்று என் பிப்ரவரிக் கண்ணுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

நடுவில் செப்டம்பரில் ஒரு தடங்கல். சொந்தத்தில் கல்யாணம், மூன்று வாரம் ஒத்தடம் கொடுக்கவில்லை. தைராக்சினை ஒரு நாளும் விடவில்லை. தொலைபேசியில் மறுபடி உறுத்தல் என்றார். வரச்சொல்லிப் பார்த்தபோது இமை எண்ணெய் திரும்பவும் கெட்டியாக வந்தது, படலம் 5 வினாடி. அரிசிப்பை ஒத்தடம் தொடங்கிய பின்தான் சரியானது. தைராய்டைச் சரிசெய்ததும் நீர்ப் பகுதி மீண்டது, எண்ணெய்ப் பகுதிக்கு இன்னும் கை கொடுக்க வேண்டியிருக்கிறது என்றுதான் நாங்கள் புரிந்துகொண்டோம். வயதை மாத்திரையால் திருப்ப முடியாதே.

டிசம்பர்: அடுத்த அறுவடை

நாங்கள் திட்டமிடாத ஒரு சோதனை தானாக நடந்தது. கார்த்திகையில் அறுவடை தொடங்கி, டிசம்பரில் அவர் அதே கொட்டகையில், அதே தூசில், அதே தட்டின் முன் உட்கார்ந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டார், அரை மணிக்கு ஒருமுறை நிமிர்ந்தார், அவ்வளவுதான் மாற்றம். மாதக் கடைசியில் வந்தபோது படலம் 8, 8. வினாப்பட்டியலில் 17. உறுத்தல் மாலையில் மட்டும் கொஞ்சம். தூசு கண்ணுக்கு நல்லதென்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஜனவரியில் நான் எழுதிய "தூசு, வேலை" என்பது முதன்மைக் காரணமாக இருந்திருந்தால், இந்த டிசம்பர் இப்படி இருந்திருக்காது.

அதே சமயம் தைராய்டுதான் எல்லாம் என்றும் சொல்லமாட்டேன். செட்ரிசினை நிறுத்தினோம், சொட்டை மாற்றினோம், ஒத்தடத்தைத் திருத்தினோம், ரத்தசோகை குறைந்தது. ஜூன் முதல் அக்டோபர் வரை மலையில் ஈரக் காற்று வேறு. எதற்கு எத்தனை பங்கு என்று ஒரே ஒரு ஆளை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. பிப்ரவரியில் பாதியில் நின்ற முன்னேற்றம், டி.எஸ்.எச் இறங்கிய பிறகுதான் மறுபடி நகர்ந்தது. கோப்பு காட்டுவது அவ்வளவுதான்.

இப்போது வேறு மாதிரி செய்வது

உலர்கண் என்று எழுதும்போது முதல் வருகையிலேயே ஒரு அரைப்பக்கக் கேள்விச் சீட்டை நிரப்புகிறோம். குளிர் தாங்குகிறதா, எடை, அசதி, மலம், முடி, மாதவிடாய், கருத்தடை மாத்திரை உண்டா, சினைப்பை நீர்க்கட்டி சொன்னார்களா, சர்க்கரை எப்போது பார்த்தது, வாய் உலர்கிறதா, என்னென்ன மாத்திரை. பெண்களிடம் செவிலியர் தனியாகக் கேட்கிறார், கூட வந்தவர்கள் வெளியே. ஆரம்பத்தில் "கண்ணாடிக்கு வந்தா இதெல்லாம் எதுக்கு?" என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். இப்போது முதலிலேயே காரணத்தைச் சொல்லிவிட்டுக் கேட்பதால் பெரும்பாலும் பதில் வருகிறது. எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை எழுதுவதில்லை. சீட்டில் இரண்டு, மூன்று சேர்ந்து வந்தால், அல்லது ஆறு வாரச் சிகிச்சையில் நகரவில்லை என்றால் மட்டும் எழுதுகிறோம்.

விளக்கை எரியவிடுமுன் முகத்தை அறை வெளிச்சத்தில் பார்க்கிறேன்: புருவம், இமை வீக்கம், கண் பிதுக்கம், கழுத்து. அரை நிமிடம்கூட ஆகாது.

அறிகுறி தொடங்கிய மாதத்தை வேலையின் பருவத்தோடு பொருத்திப் பார்க்கிறேன். மரவள்ளி ஆலை, காப்பி, விசைத்தறி எதுவானாலும். காரணம் என்று எழுதும் இடத்தில் ஒன்றோடு நிறுத்துவதில்லை, இன்னொன்று என்னவாக இருக்கலாம் என்றும் எழுதிவைக்கிறேன். பெரும்பாலும் அந்த இரண்டாவது வரி வீணாகத்தான் போகிறது.

மாத்திரைச் சீட்டில் 'வெறும் வயிற்றில்' என்று இருந்தால், "காப்பி, டீ கூட இல்லை" என்று பக்கத்தில் செவிலியர் கையால் எழுதுகிறார்.

இப்போதைய நிலை: தைராக்சின் 75 மைக்ரோகிராம் தொடர்கிறது. டி.எஸ்.எச் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. செயற்கைக் கண்ணீர் நாளுக்கு இரண்டு முறை, அரிசிப்பை ஒத்தடம் இரவில் ஒருவேளை. போன மாதம் தன் தங்கையை அழைத்து வந்திருந்தார். தங்கைக்கு 41 வயது, கண்ணில் ஒரு தொந்தரவும் இல்லை. "இவளும் போர்த்திக்கிட்டே உக்காந்திருக்காளுங்க தம்பி, ஒருக்கா பாத்துருங்க" என்றார். டி.எஸ்.எச் 11. எங்களிடம் பார்க்க வேண்டியது எதுவும் இல்லாததால், நேரே பொதுமருத்துவரிடம் அனுப்பிவிட்டோம்.